மதகு திறந்த நாள்

மாசி 12, 1956.

ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரைகளை யாரும் சுடாமல் இருக்க, நெல் மண்டிக்காரர்கள் நாங்கள் மூட்டைக்கு ஓரணா மகமை எடுத்துவைத்துக் காவல் போட்டிருக்கிறோம். துப்பாக்கி வருவதில்லை. ஆனால் இன்று வயலுக்காக மதகைத் திறந்துவிட்டார்கள். ஏரி வற்றினால் மீன் இருக்காது, தாய்ப்பறவைகள் போய்விடும். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது.

மண்டிக்கு வந்த, எனக்கு நெல் போடும் குடியானவர் முனுசாமியிடம், "பத்து நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கதிரு பால் புடிக்கிற நேரம், மொதலாளி. தண்ணி இல்லன்னா பதராப் பூடும். நீங்களே சொல்லுங்க, இன்னா பண்றது?"

அந்த நெல் விளைந்தால்தான் எனக்கு மூட்டை. மூட்டை வந்தால்தான் நாரைக்கு மகமை.

வழக்கமான ஏரிக்கரைப் பாதையைத் தவிர்த்துக் கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு வந்தேன். குஞ்சுகளின் சத்தம் இங்கேயும் கேட்கிறது.