விரிசலைக் காட்டியவன்

வெள்ளிக்கிழமை, ஈப்போ.

பதினெட்டு வருடமாக நான் வழிகாட்டியாக இருக்கும் மறைந்த ரப்பர் முதலாளியின் பழைய மாளிகையை வாங்க, இன்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். விற்கப்போவதை வாரிசுகள் எனக்குச் சொல்லவே இல்லை. வந்தவர் பயந்து ஓடட்டும் என்று, சுற்றுப்பயணிகளிடம் இதுவரை மறைத்த விரிசல்களையும் கரையான் தின்ற உத்திரங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டார்.

அவர் போனதும், அவரைக் கூட்டிவந்திருந்த வீட்டு ஏஜெண்ட் என் தோளைத் தட்டினான்.

"நல்லா காட்டுனீங்கண்ணே! அவருக்கு நெலம்தான் வேணும். பழைய கட்டடத்த ஒடைக்க கவுன்சில்ல விடமாட்டாங்கன்னு யோசிச்சாரு. ஆபத்தான கட்டடம்னா விட்டுருவாங்க லா. திங்கக்கெழம கையெழுத்து."

"ஆபத்துன்னு நான் சொல்லலையே."

"சொல்லணுமா? எல்லாப் படத்துலயும் உங்க வெரலு இருக்கேண்ணே."