ஐந்து நிமிடப் பனிக்கட்டி

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே நீந்தும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பசிக்கிறது. பயிற்சி முகாமில் எங்கள் கைப்பேசிகளைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் உன் தங்கை பேனா பிடித்திருக்கிறாள், சிரிக்காதே.

மலை மேல் இருக்கும் இந்த ஏரியின் தண்ணீர் மே மாதத்திலும் எலும்பு வரை குளிர்கிறது. கரையேறி உடம்பு சூடானதும் கை, தொடையெல்லாம் தடித்து அரிக்கிறது. முகாம் டாக்டரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். "குளிர் ஒத்துக்கலையோ?" என்று என் முன்கையில் பனிக்கட்டியை ஐந்து நிமிடம் வைத்தார். எடுத்த பிறகும் ஒரு புள்ளி தடிக்கவில்லை! "சரி, போய் நீந்தும்மா" என்றார். என் தும்மலுக்கு நீ வாங்கி அனுப்பினாயே ஒரு மாத்திரை, அதற்குத்தான் கோடி புண்ணியம். தினமும் காலையில் ஒன்று போட்டுக்கொள்கிறேன்.

24ஆம் தேதி ஏரியை அக்கரை வரை கடக்கும் போட்டி. முதல் மூன்று பேருக்கு அணியில் இடம். வேண்டிக்கொள்.

உன் தவளை

மே 8

தவளைக்கு,

வகுப்புக்கு நடுவிலேயே உன் கடிதத்தைப் பிரித்தேன். நீ தேறவில்லையடி, மாத்திரைதான் தேறியிருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். உடம்பில் சில செல்கள், தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை மூட்டை கட்டி வைத்திருக்கின்றன. சிலருக்குத் தேனீ கொட்டினால் மூட்டை அவிழும், உனக்குக் குளிர் பட்டால் அவிழ்கிறது. மாத்திரை அதை அவிழாமல் தடுப்பதில்லை. கொட்டிய ஹிஸ்டமின் போய் வேலை செய்யும் இடத்தைத்தான் அடைத்து வைக்கிறது. ஒரு துண்டுப் பனிக்கட்டிக்கு அது போதும். உடம்பு முழுக்கக் குளிரில் கிடந்தால் போதாது. ரத்த அழுத்தம் இறங்கி நடு ஏரியில் மயங்கிவிடுவாய்.

எனக்கு ஒவ்வாமைக்காகத் தோலில் சோதனை செய்தபோது ஒரு வாரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அந்த அம்மா உன்னிடம் கேட்கவே இல்லையா?

உடனே போய்ச் சொல்.

அக்கா

மே 12

அக்கா,

கேட்டார். "எந்த மாத்திரையும் போடறதில்ல டாக்டர்" என்றேன். போதுமா?

நாலு வருஷமாக இந்த ஒரு போட்டிக்காக விடியலில் எழுந்திருக்கிறேன். உனக்கு அது பாடப் புத்தகம், எனக்கு வாழ்க்கை. நேற்று கரையேறியபோது உதடு வீங்கிக் கொஞ்சம் தலை சுற்றியது. உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. ஏன்தான் உன்னிடம் சொன்னேன் என்று இருக்கிறது.

நீ டாக்டரிடம் வாயைத் திறந்தால் உன்னைத் தலைமுழுகிவிடுவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே.

மே 14

என் கண்ணே,

உதடு வீங்கியது என்று படித்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. முகாம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

பயமாக இருந்தது, செய்தேன். தலைமுழுகுவதென்றால் முழுகு. வீட்டில், வெந்நீரில்.

அக்கா

மே 25

மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் பனிக்கட்டி வைத்தார்கள். எடுத்த சற்று நேரத்தில், கட்டி இருந்த அதே சதுரத்துக்குக் கை புடைத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நேற்று போட்டி நடந்தது. கரையில் கம்பளி போர்த்திக்கொண்டு பார்த்தேன். மூன்றாவதாக வந்தவளை நான் பயிற்சியில் ஒரு நாள்கூட முந்தவிட்டதில்லை. அவளுக்குக் கை தட்டினேன். பிறகு குளியலறையில் போய் அழுதேன். உன்னை நான் மன்னிக்கவில்லை, அதை முதலில் தெரிந்துகொள்.

அவசரத்துக்கு ஒரு ஊசி கொடுத்திருக்கிறார்கள். எப்போதும் என்னிடம் இருக்க வேண்டுமாம். நான் மயங்கினால் தொடையில் குத்த வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டுமாம். "யாரைம்மா வரச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

உனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும் என்று தெரியும். இருந்தாலும் உன்னைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை வா. நான் பேச மாட்டேன்.

தவளை