ரெண்டு ஏழு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றேனே, அது பாதிப் பொய். பக்கத்தில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது, அதனால்தான் கடிதம். பக்கவாதம் வந்து பத்து வாரம் ஆகிறது. வலது கை லேசாக அசைந்தது, பேச்சு ஒரே குழறல், வலது கால்தான் அசைவேனா என்று கிடந்தது. மற்றபடி மாடி வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்துவிட்டார், சமையலறைச் சுவரில் ஈரம் காய்ந்துவிட்டது. உன் தம்பி சனிக்கிழமைதோறும் வந்து வீட்டைத் துடைத்துக் கொடுக்கிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் வாளியோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிறான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்த பட்டப்பெயர் உனக்குத் தெரியும், வந்த கதை தெரியாது. கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துப் பிசியோதெரபி அறையில் முப்பத்து மூன்று வருஷம் ஆட்களைக் காலை மடக்கு, நீட்டு என்று பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். பத்து வரை எண்ணும்போது ஏழை மட்டும் இரண்டு தரம் சொல்வேன். ஏழாவதில்தான் மனுஷனுக்குப் போதும் என்று தோன்றும், எட்டைக் கேட்டுவிட்டால் முடியப்போகிறது என்று தெம்பு வந்துவிடும். இடுப்பு எலும்பு முறிந்து வந்த லாரி டிரைவர் ஒருவர், சார் நீங்க பள்ளிக்கூடம் பக்கமே போகலையா என்று கத்தினார். ரெண்டு ஏழு என்று பெயர் வைத்ததும் அவர்தான். நாலு மாதம் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு ஒருநாள் தானே நடந்து படியேறிப் போனார். அன்று ராத்திரி இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்கு என்று வந்தபோது நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னோடு வேலை பார்த்த பெண், சொந்தக்காரங்களுக்கு நாம பாக்கக் கூடாது சார், கை தளர்ந்துடும் என்று எச்சரித்தாள். இவ்வளவு வருஷ அனுபவம், எனக்கா தளரும் என்று ஒரு திமிர். தளர்ந்தது, பாப்பா. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்ப்பாள், நான் ஐந்து, ஆறு, எட்டு என்று தாவிவிடுவேன். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. ஊராருக்கெல்லாம் ஒன்று கூட்டிய வாய் வீட்டுக்காரிக்கு ஒன்று குறைத்தது. புரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. முதல் மூணு மாசத்தை விட்டா அப்புறம் நடக்கறது கஷ்டம் என்று நூறு குடும்பங்களுக்குச் சொன்னவன் நான். அவள் காலை நானே கெடுக்கிறேன் என்று தெரிந்து, திங்கட்கிழமையிலிருந்து நீயே வாம்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அதற்குள் போன வியாழக்கிழமை காலை. முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சி, வழக்கம்போல ஆறு, எட்டு என்றேன். அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாய் கோணிக் கோணி எதையோ தேடியது, தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஏழு என்றாள். குழறவில்லை. வாய் நன்றாக இருக்கிறவர்களுக்கே வராத அந்த ழ, ழ-வாகவே வந்தது. நான் அசடுபோல ஏழு என்றேன், காலை மடக்கினாள். பிறகும் கையை விடாமல் முறைத்தாள். இன்னொரு ஏழு சொன்னேன், அதையும் மடக்கிவிட்டுத்தான் விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் பாதி வாயால் சிரித்தாள்.

இப்போது அந்தப் பெண் வருகிறாள், எனக்கு அறைக்குள் அனுமதி இல்லை, வாசலோடு சரி. எண்ணுவது அம்மா. நேற்று கட்டிலிலிருந்து ஜன்னல் வரை ஆறு அடி வைத்திருக்கிறாள். அதனால் லீவு போட்டு அரக்கப்பரக்க ஓடிவராதே, முன்பு சொன்ன மாதமே வா. கதவை யார் திறக்கிறார்கள் என்று பார். கம்ப்யூட்டர் முன் கூன் போட்டு உட்காராதே, கழுத்துப் பயிற்சியை விடாதே, எண்ணும்போது யாரும் பார்க்கவில்லை என்று தாவாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பி.கு.: கீழே கோணலாக இருப்பது என் பேனா கசிந்ததல்ல. அம்மா வலது கையால் எழுதியது, கால் மணி நேரம் ஆயிற்று.

7 7