வெற்றுக் குழாயில் விழுந்த கோடுகள்

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, நீயாவது சுகமாக இரு. எப்போதும் அப்பாதான் உனக்கு எழுதுவார், இந்த வாரம் மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு நான் எழுதுகிறேன், தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

நீ இங்கே அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் நைட்ரிக் ஆக்சைடைக் குழாயில் அடைத்துப் புற ஊதா ஒளியைச் செலுத்தி, அது எந்தெந்த ஒளியை விழுங்குகிறது என்று பதிவெடுத்தாயே, யாரும் பார்க்காத மெல்லிய கோடுகள் கிடைத்தன என்று அப்பாவைத் தூக்கிச் சுற்றினாயே, அவை அந்த வாயுவின் கோடுகள் இல்லை அண்ணா. திங்கட்கிழமை அப்பா கருவியைச் சுத்தம் செய்துவிட்டு, நைட்ரஜனைத் திறக்காமல் வெற்றுக் குழாயை வைத்து ஓட்டினாராம், அதே கோடுகள், அதே இடத்தில். கருவிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜன் விழுங்கியதாம். பதிவுக்கு முன்னால் நைட்ரஜனை ஒரு மணி நேரம் திறந்துவிட்டு அந்தக் காற்றை விரட்டுவது அப்பாவின் வேலை. நீ பதிவெடுத்த அன்றுதான் நான் பள்ளி மாடிப்படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டேன், அவர் நைட்ரஜனைத் திறக்காமலே, போட்டது போட்டபடி ஓடி வந்தார். திரும்பிப் போனதும் நீ, "நைட்ரஜன் ஓடுதாப்பா?" என்று கேட்டாயாம், இவர் என் வாயில் வந்த ரத்தத்தையே நினைத்துக்கொண்டு, "ஓடுதுடா, நீ ஆரம்பி" என்றாராம்.

இதெல்லாம் அவர் அம்மாவிடம் சொன்னபோது கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அம்மா, "புள்ளைக்கு எழுதிப் போடுங்க, தலையா போயிடும்?" என்றாள். "போறது அவன் தலைடி. அத்தனை பேர் முன்னாடி நிக்கப் போறவன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். பிறகு சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார், ஆய்வுக்கூடத்துக்கும் இரண்டு நாளாகப் போகவில்லை.

நீ ஆய்வை வாசிக்கப் போகிற கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, கடிதம் பத்து நாளில் வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். அந்தக் கோடுகளைப் பற்றி அங்கே வாசித்துவிடாதே அண்ணா. உன் பட்டம் போய்விடுமா என்று எனக்குத் தெரியவில்லை, யாரையும் கேட்கவும் முடியாது. பெரியவர்கள் மாதிரி ஆசீர்வாதம் சொல்ல எனக்கு வயதில்லை, வேளைக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து அழாதே. அப்பா தானாக எழுதினால் அப்போதுதான் தெரிந்த மாதிரி இரு. திட்டுவதென்றால் என்னைத் திட்டு, விழுந்தது நான்தானே.

உன் தங்கை,
வாலு