மாறிப்போன கம்பிகள்

இன்று காலை ஆறாம் கம்பியை மாட்டுவதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டேன். புதுக் கம்பியை உறையிலிருந்து எடுத்து, கிதாரின் மேல் நீட்டி அளவு பார்த்து, கட்டிங் பிளேயரால் நறுக்கென்று ஒரு வெட்டு. பிறகுதான் தெரிந்தது, கம்பியை முறுக்குகிற கீயில் சுற்றுவதற்கு விரல் நீளம்கூட மிச்சமில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகக் கம்பி மாற்றுகிறவன் நான். முதலில் மாட்டணும், முறுக்கணும், சுருதி சேர்க்கணும், கடைசியில்தான் வெட்டணும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கைக்குத்தான் அது மறந்துபோகிறது.

போன மாதம் இதைவிட மோசம். பழைய கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். புதுசைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பழசையே திரும்ப மாட்டியிருக்கிறேன். வாசித்துப் பார்த்துவிட்டு, புதுக் கம்பி இப்படி மொத்தையாகக் கேட்கிறதே என்று கடைக்காரரைத் திட்டினேன். கூடையைக் கொட்டப் போன என் மனைவி அந்த உறையை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாள். அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நண்பா, நீ ஒருநாளும் ஆறையும் சேர்த்துக் கழற்ற மாட்டாய். "ஒண்ண கழட்டு, ஒண்ண மாட்டு. மொத்தமா கழட்டினா கிதார் பயந்துடும்டா" என்பாய். நாம் வேலை பார்த்த மில்லில் அறுந்த நூலைத் தேடிப் பிடித்து ஒட்டிய விரல்கள் உன்னுடையவை. கம்பியை மூன்று சுற்று சுற்றினால், ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. மில்லை மூடிய பிறகு நீ ஒரு துணிக்கடைக்கும் நான் ஒரு லாட்ஜுக்கும் வேலைக்குப் போனோம். ஆனாலும் கல்யாண மேடைகளில் நம் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.

கருவடிக்குப்பத்துக் கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ கம்பி மாற்றியிருந்தாய். மேடையில் நீ முதல் முறை வருடியதும் பாடகி பாட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உன் கிதாரில் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருந்தன. சுருதி சேர்க்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். உனக்குத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம். முன்னால் மைக் இருப்பதை மறந்து, "என்னாடா, போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. உன் தம்பி குடித்தே செத்த பிறகு நீ குடியைத் தொட்டதில்லை. என்னைவிட அது யாருக்குத் தெரியும்? நீ கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி இருந்தாய். "எப்பவும் போலதான்டா மாட்டுனேன்" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதற்கப்புறம் இரண்டு நிகழ்ச்சிகளில் பாட்டின் நடுவே நீ வேறு பாட்டுக்குப் போனாய். குழுவில் முணுமுணுத்தார்கள். நான்தான் சொன்னேன், வீராம்பட்டினம் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் போடலாம் என்று. தேதி உனக்கு ஏற்கெனவே தெரியும். வரவேண்டாம் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கல்யாணத்தன்று மத்தியானம் நம் குழுவின் வேன் நெல்லித்தோப்பு மார்க்கெட்டை நெருங்கும்போது தூரத்திலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டை, தோளில் கிதார், வழக்கமாக நீ ஏறுகிற இடம்.

"நேரா போவாத, இந்தத் தெருவுல திருப்பு" என்றேன்.

"அண்ணன் நிக்கிறாரேண்ணே?" என்றார் டிரைவர்.

"திருப்புய்யா."

பின்னால் இருந்தவர்கள் ஏதோ பேச்சில் கவனிக்கவில்லை. நான் முன்சீட்டில் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருந்தேன்.

நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் உன் பக்கம் வரவில்லை. ஒரு வருடம் கழித்து, கடைக்குப் போன நீ வீட்டுக்கு வழி தெரியாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாய் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். மறதி நோய், எப்போதோ ஆரம்பித்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக உன் மனைவி சொன்னாள். எப்போது என்று எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாய். ஆயுசு முழுக்க 'டா' போட்ட வாய். "என்ன மன்னிச்சுடுடா" என்றேன். "அதனால என்னாங்க, பரவால்ல" என்றாய், யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி. அந்த மழைக்காலத்தோடு போய்விட்டாய்.

இன்று வெட்டிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் முறை. கேட்டுவிட்டு, "அந்த அண்ணிகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே" என்றாள். அவளுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேனைத் திருப்பச் சொன்னது நான்தான் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. வேன் திரும்பறத அவரு பார்த்தாரு."

"என்னா சொன்னான்?"

"வீட்டுக்கு வந்து கிதார ஆணியில மாட்டிட்டு, 'டிரைவர் புதுசு போல, வழிய விட்டுட்டான். நான் இல்லாம அவன் மேடையில தனியா என்னா பண்ணுவானோ'ன்னாரு. அன்னிக்குப் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அந்த டிரைவர் பத்து வருடமாக நம் வேனை ஓட்டியவர். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். என்னை உன் மனைவி முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதென்று அப்படிச் சொன்னாயா? இல்லை, அன்றைக்கே அவர் முகம் உனக்கு மறந்துபோயிருந்ததா? இதை இனி யாரிடமும் கேட்க முடியாது. என்னிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. இந்தக் கேள்வி மட்டும் போகாமல் இருக்கிறது. ஒருநாள் இதுவும் போய்விடும். அன்றைக்கு உன்னைத் தெருவில் நிற்கவைத்துவிட்டுப் போனவன் யாரென்று எனக்கே தெரியாது.