ஹாஜறா ராத்தா கேட்ட பங்கு

ஆகஸ்ட் 12
காலையில் அட்டாளைச்சேனைக்குப் போனேன். பப்படம் செய்யும் ஹாஜறா ராத்தாவுக்கு உலர்த்தும் மிஷின் ஒன்றை இனாமாகக் கொடுக்க எங்கள் பவுண்டேஷன் முடிவெடுத்திருந்தது. மாரியில் வெயில் இல்லை, பப்படம் காயாது. அவரோடு வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் மூன்று மாதம் கையில் ஒன்றும் இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்துப் போனால், வேண்டாம் என்றுவிட்டார்.

"தந்துட்டா நீங்க போயிருவீங்க. பங்கு போட்டா நிப்பீங்க."

லாபத்தில் கொஞ்சம் தருவாராம். நட்டம் வந்தால் நாங்களும் தாங்க வேண்டுமாம். உதவி வாங்குகிறவர் கதைக்கிற கதையா இது? வீடு வரும்வரை கோபம்.

ஆகஸ்ட் 15
கோபம் போய்விட்டது. அவர் சொன்னது சரிதான், பங்கு இருந்தால்தான் நாங்களும் கூட நிற்போம்.

செப்டம்பர் 3
கூட்டம். தலைவர் ஹிஷாம் காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மிஷின் ஆறு லட்சம். அந்தக் காசு இஸ்லாமிய பேங்கில் கிடந்தால் இதைவிடக் கூடுதலாக லாபம் வரும், முதலுக்கும் பயமில்லை என்றார். கொடுப்பதென்றால் இனாமாகக் கொடுப்போம், இல்லையென்றால் விடுவோம் என்றார்.

எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்தபிறகுதான் பதில் வரும். இன்று அங்கேயே வந்துவிட்டது.

"இனாமாக் குடுத்தா ஆறு லட்சமும் போகும், அதுக்குப் பயமில்ல. திரும்பி வருமெண்டாத்தான் பயமா, காக்கா?"

அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று எழும்பிவிட்டார்கள். அடுத்த கூட்டம் டிசம்பரில் - மாரி பாதி போயிருக்கும். வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ?

செப்டம்பர் 21
ஹிஷாம் காக்கா எனக்குப் போன் பண்ணினார். ஏழைகளுக்கென்று வந்த ஸக்காத் காசைத் தொடாமல், பேங்கில் கிடக்கும் முதலிலிருந்து எடுக்கட்டுமாம். இந்த ஒரு தடவை மட்டுமாம். அல்ஹம்துலில்லாஹ்.

நவம்பர் 9
நல்ல மழை. மிஷின் ஓடுகிறது. ஆறு பேரும் வேலையில்.

டிசம்பர் 30
முதல் லாபப் பங்கு வந்தது. பேங்க் தந்திருக்கக்கூடியதில் பாதியும் இல்லை. ஹிஷாம் காக்காவிடம் சொல்லப் பயந்து பின்னேரம்வரை இழுத்தடித்தேன். தொகையைக் கேட்டுவிட்டு "ம்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு கேட்டார்: "ஸம்றா, கரண்ட் அடிக்கடி போகுதே. நம்மட மிஷின் ஒழுங்கா ஓடுதா?"

ஓம் என்றேன்.

இத்தனை வருடத்தில் எத்தனை தையல் மிஷின் இனாமாகக் கொடுத்திருக்கிறோம். அதில் ஒன்றாவது ஓடுகிறதா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.