இரண்டு முனையிலும் திருப்பிய கிளாக்

மச்சான்,

இன்று காலை தோல் அளக்கும் மிஷினின் பெட்டியைத் திறந்ததும் ரோசின் புகை வாசனை வந்தது, நீ ஈயம் பற்றவைக்கும்போது வரும் அதே வாசனை. புது போர்டில் யாரோ அவசரமாக ஈயம் வைத்திருக்கிறார்கள். டேனரியின் தோல் நாற்றத்தில் வேறு வாசனை எதுவும் மூக்கில் ஏறாது என்பார்கள். எனக்கு ஏறியது. ஆம்பூர் முழுக்கப் பெயர் வாங்கிய மூக்கு இது. நீ பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிவிட்டேன். போன ஆடியில் உன்னைத் தூக்கிப்போனபோது முதல் தோள் கொடுத்தவன் நான். அப்படியும் திரும்பினேன். ஏன் என்று விளங்கவில்லை.

பழைய போர்டு எரிந்துபோய் இதை மாட்டியதிலிருந்து மிஷின் பேஜார் பண்ணுகிறது. ஒரே தோலைக் கழுத்துப் பக்கம் விட்டால் ஒரு அளவு, வால் பக்கம் விட்டால் வேறு அளவு. வாங்குகிறவரின் ஆள் எதிரே நின்று இரண்டு விதமாகவும் விடச் சொல்வார், இரண்டும் ஒத்தால்தான் சரக்கு நகரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவர் இன்று மதியம் வருவதாக இருந்தது. அதற்குள் சரியாகாவிட்டால் மெட்ராஸ் சர்வீஸ் ஆளையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்போவதாக முதலாளி பாய் சொல்லிவிட்டார். "அப்புறம் நீங்க வூட்ல நிம்மதியா இருக்கலாம்ணே" என்றார் மரியாதையாக. இந்த மிஷின் இத்தாலியிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து அதன் பக்கத்தில் நிற்கிறவன் நான். கூட வந்த இத்தாலிக்காரன் என்னைக் கேட்காமல் ஒரு திருகைத் தொட்டதில்லை. "அவன் பாஷை உங்களுக்கு எப்படி மாமா புரிஞ்சுது?" என்று நீ ஊரைக் கூட்டிவைத்துக் கேட்டாய். தொழில் தெரிந்தவனுக்குப் பாஷை எதற்கு?

முதல் தடவை இந்த வியாதி வந்தபோது உன்னைத்தான் கூப்பிட்டார்கள். நமக்குள் பேச்சு நின்றுபோயிருந்த சமயம். உன் கிரகப்பிரவேசத்தில், வீட்டுக்கு ஒயரிங் முழுவதும் என் கைவேலை என்று நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்க, "மாமா போட்டது ஒரே ஒரு சுவிட்சு, அதுவும் தலைகீழா" என்று பந்தியில் வைத்துச் சொன்னாயே, அதிலிருந்து. தோலைப் பார்க்கும் மிஷினின் கண்கள் இருக்கும் முனையில் நான் நின்றேன், கணக்குப் போடும் பெட்டியிருக்கும் முனையில் நீ. நடுவில் தோல் விடும் குமாரி. நீ சொல்வதை அவள் என்னிடம் சொன்னாள், நான் சொல்வதை உன்னிடம்.

கிளாக் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாய். நான் முள்ளைத் தேடினேன். முள் இல்லாத கடிகாரம் என்ன கடிகாரம்? கடைசியில் நீயே உரக்க, என்னைப் பார்க்காமல் குமாரியைப் பார்த்து விளக்கினாய். கிளாக் என்பது ஏறி இறங்குகிற மின்சாரம், அது ஏறும்போது கண்களின் சேதி மாறுகிறது, ஆகவே இறங்கும்போதுதான் படிக்க வேண்டும். "டவுன் பஸ்ல ஜனம் ஏறிட்டிருக்கும்போதா கண்டக்டர் தலை எண்ணுவாரு? வண்டி கிளம்புனப்புறம்தானே?" ஏற்றத்தை இறக்கமாக மாற்ற போர்டில் எக்ஸார் கேட் என்று ஒரு சில்லு இருக்கிறதாம். அதன் ஒரு காலில் கிளாக், இன்னொரு காலில் ஜம்பர். ஜம்பர் என்ற அந்தக் கறுப்புக் குல்லாவை எர்த் பக்கம் மாட்டினால் கிளாக் வந்தபடியே போகும், ஐந்து வோல்ட் பக்கம் மாட்டினால் கவிழ்ந்து போகும்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்து, பேசாவிரதத்தையும் மறந்து நேராகவே கேட்டேன். "கிளாக்கைக் கவுத்துட்டா நேரம் பின்னால போவுமா?"

"போவாது மாமா. போனா உங்க கல்யாணத்தையே நிறுத்தியிருப்பேன்."

குமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கிளாக் போகும் வழியில் அதே குல்லா என் முனையிலும் இருந்தது. நான் சும்மா நிற்கிற ஆளா? கவிழ்த்து மாட்டினேன். குமாரி தோலை விட்டாள். அளவு ஒக்கவில்லை. பழையபடி மாட்டினேன். அப்போதும் ஒக்கவில்லை. மறுபடியும் மாற்றினேன். எத்தனை தோல் போனதோ தெரியாது. கடைசியில் நீ மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்தாய்.

"மாமா, இங்க எதுனா தொட்டீங்களா?"

"தொடாம? நான் வேடிக்கை பாக்கவா நிக்குறேன்?"

நான் இங்கே மாற்றிய ஒவ்வொரு தடவையும் நீயும் அங்கே மாற்றிக்கொண்டிருந்தாய். தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "ரெண்டு பேரும் திருப்புனா யாருமே திருப்பாத கணக்குதான்." எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை புரியவில்லை. இரண்டு பேர் உழைத்தது எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? ஆனால் அதற்குப் பிறகு நாம் பேசாமல் இருந்ததில்லை. எப்போது மிஷின் கெட்டாலும், குல்லாவில் கை வைக்கும் முன் எதிர் முனையைப் பார்த்து ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

இன்று பாயிடம் கிளாக் தலைகீழ் என்று நிமிர்ந்து சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். பஸ் கதையைச் சொன்னேன். வேலூர் குடியாத்தம் ரூட்டில் நானே கண்டக்டராக இருந்ததாகவும் சேர்த்துக்கொண்டேன், கதைக்கு அது தேவைப்பட்டது. என் முனைக்குப் போய்க் குல்லாவைக் கவிழ்த்து மாட்டினேன். முதல் தடவை எப்படியும் ஒக்காது என்றுதான் நினைத்தேன், அன்றைக்கு அப்படித்தானே. குமாரி கழுத்துப் பக்கம் விட்டாள், பிறகு வால் பக்கம். ஒரே அளவு.

மதியம் வந்த ஆளும் இரண்டு விதமாக விட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் இருக்கும்போது சர்வீஸ் ஆள் எதற்கு என்று பாய் எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். வேறு நாளாக இருந்தால் இதை விரிஞ்சிபுரம் வரைக்கும் சொல்லிக்கொண்டு போயிருப்பேன். ஒரே தடவையில் சரியாகிவிட்டதே மச்சான், அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அது என் திறமையா, இல்லை அந்தப் பக்கம் திருப்ப ஆள் இல்லாததாலா?

காலையில் அளவு ஒத்ததுமே பழக்கத்தில் கேட்டும்விட்டேன், எதிர் முனையைப் பார்த்து. "நீ தொட்டியா?"

"யாரைக் கேக்குறீங்கண்ணா?" என்றாள் குமாரி.

நீ அந்தப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு அடுத்த தோலை விடச் சொன்னேன்.